லீஃப் இழுக்கவில்லையா? பெடலை மாற்ற முன் முறிகண்டியில் ஒருக்கால் நிறுத்துங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்குக் கிளிநொச்சியில் வீடு, வவுனியாவில் வேலை. 2014ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார், 24 கிலோவாற்-மணி பற்றரி, அதன் கொள்ளளவைக் காட்டுகிற பன்னிரண்டு பட்டையில் ஒன்பதுதான் மிச்சம். காலையில் கார் நன்றாக ஓடுகிறது. பின்னேரம் திரும்பி வரும்போது கனகராயன்குளம், மாங்குளம் பக்கம் வந்ததும் அக்சிலேற்றரை மிதித்தால் உடனே இழுப்பதில்லை, ஒன்று, இரண்டு எண்ணிய பிறகுதான் இழுக்கிறது. ஒருநாள் பஸ்ஸை முந்தப் போய், பாதியில் இழுவை இல்லாமல், திரும்பவும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டி வந்ததாம். கராஜில் காட்டியதற்கு, அக்சிலேற்றர் பெடலை சென்சரோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். பெடலுக்கு நேரம் பார்க்கத் தெரியாது. காலையில் ஒழுங்காக வேலை செய்துவிட்டுப் பின்னேரம் மாங்குளத்தில் மட்டும் பழுதாகிற பெடலை நான் இன்னும் காணவில்லை. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை, சூட்டில் விடுபடுகிற சொல்டர் எங்கும் உண்டு. ஆனால் காசைப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு ஒரு சதமும் செலவில்லை.

நான் உழவு இயந்திரமும் லான்ட்மாஸ்ரரும் திருத்திப் பழகிய ஆள். டீசல் இஞ்சின் இழுக்கவில்லை என்றால் பில்டர், பம்ப், இன்ஜெக்டர் என்று ஒரு வரிசை கையிலேயே இருக்கும். அதே புத்தியோடு மின்சாரக் காருக்குக் கீழே படுத்தால் ஒன்றும் பிடிபடாது. முதல் வருடம் எனக்கும் அப்படித்தான் போனது. லீஃபில் பெடலுக்கும் மோட்டருக்கும் நடுவில் கம்பியும் இல்லை, கேபிளும் இல்லை. நீங்கள் மிதிப்பது ஒரு விண்ணப்பம் மட்டுமே. காரின் கணினி அதை வாங்கிக்கொண்டு பற்றரியின் அளவு, சூடு, பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றுகிற இன்வேர்ட்டரின் சூடு, பிரேக், சில்லு வழுக்குகிறதா என்று எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கும். அதன் பிறகுதான் 'இவ்வளவு தரலாம்' என்று முடிவெடுக்கும்.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் உள்ளவர்களுக்கு இது உடனே விளங்கும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று எல்லோரும் கேட்கலாம், ஆனால் துருசைத் திறப்பவர் குளத்தின் மட்டத்தைப் பார்த்துத்தான் திறப்பார். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால், கேட்டவரின் குரல் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் கராஜ்காரர் சொன்னது ஏறக்குறைய அதுதான்.

ஆகவே மோட்டருக்கு இழுக்க முடியவில்லையா என்று தேடுவதை விட, கணினி எதைக் கண்டு மறுக்கிறது என்று தேடுவதே குறுக்கு வழி. அதைக் கண்டுபிடிக்க முதலில் உங்களிடமே ஒரு கேள்வி கேட்க வேண்டும். மந்தம் எந்த வேகத்தில் வருகிறது?

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் பாதி நோயை இதிலேயே பிரித்துவிடலாம். உங்கள் லீஃபின் மோட்டர் 80 கிலோவாற், முறுக்குவிசை 254 நியூற்றன் மீற்றர். அந்த முறுக்குவிசை நின்ற இடத்திலிருந்தே முழுசாகக் கிடைக்கும். பவர் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. 10 கிலோமீற்றர் வேகத்தில் முழுப் பலத்தோடு இழுத்தாலும் ஏறத்தாழ 18 கிலோவாற்தான் வேண்டும். 60இல் போய்க்கொண்டிருக்கும்போது அதே காலை அதே மாதிரி மிதித்தால் மோட்டர் முழு 80ஐயும் கேட்கும். கணினி பவரை 40க்கு மட்டுப்படுத்தி வைத்திருக்கிறது என்று வையுங்கள். கந்தசுவாமி கோயிலடியில் நின்று புறப்படும்போது உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கொக்காவிலில் பஸ்ஸை முந்தும்போது பாதிக் கார்தான் இருக்கும்.

ஆகவே நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதே மந்தம் என்றால் பற்றரியை விட்டுவிட்டு எக்கோ (சிக்கன ஓட்டம்) பொத்தான், கால்மெத்தை, பெடல், பிரேக் பிடிப்பு என்று பாருங்கள். கிளம்பும்போது துள்ளிக் கிளம்பி 50, 60க்கு மேல் மட்டும் செத்துப்போகிறது என்றால் பவர் மட்டுப்பாடுதான். நீங்கள் சொல்வது இரண்டாவது வகை. இது இரண்டும் இல்லாமல், ஓடும்போது திடீரென்று வெட்டி வெட்டி இழுத்தால் அது வயர், இணைப்பு, சுவிட்ச் சம்பந்தப்பட்டது; அதற்கும் கீழே வருகிறேன்.

சரி, மட்டுப்பாடு என்றால் யார் மட்டுப்படுத்துவது? பெரும்பாலும் மூன்று பேர்: சூடான இன்வேர்ட்டர், சூடான பற்றரி, காலியாகி வருகிற (அல்லது ஒரு செல் நொந்துபோன) பற்றரி. மூவரையும் பிரித்தறிய நான் சொல்லும் சோதனைக்கு ஸ்கேனர் வேண்டாம். வழியில் பிள்ளையார் இருக்கிறார்.

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தாமல் போகிற ஆட்கள் குறைவு. ஒரு தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கி, தேத்தண்ணீர் குடித்து முடிய இருபது நிமிடம் எப்படியும் போகும். மாங்குளத்திலிருந்து கார் மந்தமாக வருகிறதா? முறிகண்டியில் நிறுத்துங்கள். இருபது நிமிடம் கழித்து எடுத்துக்கொண்டு, ரோட்டு வெறுமையாக இருக்கும் நேரம் பார்த்து 50இலிருந்து ஒருமுறை அடிவரை மிதியுங்கள்.

பழையபடி நன்றாக இழுக்கிறது, ஆனால் பத்துக் கிலோமீற்றருக்குள் திரும்ப மந்தமாகிறது என்றால் இன்வேர்ட்டர் பக்கம் பாருங்கள். இன்வேர்ட்டரும் மோட்டரும் தண்ணீரால், அதாவது கூலன்ட்டால், குளிர்விக்கப்படுபவை. எடை குறைந்த பொருள், சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். இருபது நிமிடத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் பற்றரி. அது கிட்டத்தட்ட 300 கிலோ எடை, இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறது, இந்த மொடலில் அதற்குக் காற்றாடியும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. சூடேறினால் ஆற ஓர் இரவு வேண்டும். கச்சான் தின்று முடிகிற நேரத்தில் ஆறாது. சார்ஜ் குறைந்ததால் வந்த மந்தம் என்றாலும் நிறுத்தியதால் திருந்தாது. ஆனால் அதைப் பிரிக்க வேறு அடையாளம் இருக்கிறது.

அந்த அடையாளம் உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே, டாஷ்போர்டில் இருக்கிறது. வேகம் காட்டும் இடத்துக்கு அருகில் ஒரு வரிசை வட்டங்கள் தெரியும். மிதித்தால் வலப்பக்க வட்டங்கள் நிரம்பும், காலை எடுத்தால் இடப்பக்கம் நிரம்பும், அது பற்றரிக்குத் திரும்ப ஏறுகிற மின்சாரம். உற்றுப் பாருங்கள், சில வட்டங்களுக்கு இரட்டை வளையம் இருக்கும். இரட்டை வளையம் உள்ள வட்டம் அளவுக்குத்தான் கணினி இப்போது தரத் தயாராக இருக்கிறது. காலையில் கிளிநொச்சியில் எத்தனை இரட்டை வளையம் என்று எண்ணி வையுங்கள். பின்னேரம் மாங்குளத்தில் திரும்ப எண்ணுங்கள். வலப்பக்கம் குறைந்திருந்தால் கராஜ்காரரின் பெடல் கதை அங்கேயே முடிந்தது. நீங்கள் மிதிக்கவே இல்லை, அதற்கு முன்னரே கணினி குறைத்துவிட்டது. வலப்பக்கம் குறைந்து இடப்பக்கம் தாராளமாக இருந்தால் சார்ஜ் குறைந்ததுதான் காரணமாக இருக்கும். காலியான பற்றரி வாங்கிக்கொள்ளத் தயங்காது. இரண்டு பக்கமும் சுருங்கியிருந்தால் சூடு. பக்கத்தில் பற்றரியின் வெப்பப் பட்டைகளும் இருக்கும், அவை சிவப்புப் பக்கம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யலாம்.

இங்கே ஓடுகிற லீஃப்களில் கனக்க ஜப்பானில் பாவித்து வந்தவை. எச்சரிக்கை வரும், ஆனால் ஜப்பானிய மொழியில் வரும். ஆட்கள் அதை ஏதோ விளம்பரம் மாதிரிக் கடந்து போய்விடுகிறார்கள். மந்தம் வரும் நேரம் ஏதாவது எழுத்துத் தோன்றினால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் போனில் படம் எடுங்கள். போனே மொழிபெயர்த்துத் தரும். ஆமைப் படம் விழுந்தால் மொழி தேவையில்லை. பவர் மட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதற்கு நிசான் வைத்த சின்னம் அதுதான்.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒன்பது பட்டை என்றால் புதுப் பற்றரியின் கொள்ளளவில் ஏறத்தாழ 66 முதல் 72 சதவீதம்தான் மிச்சம். முதல் பட்டை 15 சதவீதம் இழந்த பிறகே விழும், அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் ஆறேகால் சதவீதம். ஆகவே 'பன்னிரண்டில் ஒன்பது, முக்கால்வாசி இருக்கிறது' என்று கணக்குப் போடக்கூடாது, உண்மை அதைவிடக் குறைவு. பாவிக்கக்கூடியது 14, 15 கிலோவாற்-மணி. ஏசியோடு 70, 80இல் ஓடினால் நூறு கிலோமீற்றருக்கு அந்த 15ஐயும் தின்றுவிடும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். முழுச் சார்ஜோடு புறப்பட்டாலும் மாங்குளம் தாண்ட அரைவாசிக்குக் கீழே வந்துவிடுவீர்கள். வேலை இடத்தில் முழுசாக ஏறாமல் புறப்பட்ட நாளில் இன்னும் மோசம். அதோடு பகல் முழுக்க தார் போட்ட முற்றத்தில் வெயிலில் நின்ற பற்றரி. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வவுனியாவில் தரையிலிருந்து எழும்புகிற வெக்கை உங்களுக்கே தெரியும். சூடும் குறைந்த சார்ஜும் சேர்ந்து வருவது பின்னேரப் பயணத்தில் மட்டும்தான். காலையில் இரண்டும் சேர்வதில்லை.

இது மட்டும்தான் காரணம் என்றால் காரில் பழுது என்று ஒன்றும் இல்லை, வயது போயிருக்கிறது. ஆனால் இதற்குள் ஒளிந்திருக்கிற இன்னொரு ஆள் உண்டு, அவரைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகிக்கிறேன். நொந்த செல்.

லீஃபின் பற்றரியில் 96 செல் சோடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கின்றன, இரண்டிரண்டாக 48 மொடியூல்களுக்குள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 360 வோல்ற். முழுப் பலத்தில் இழுக்கும்போது 200 அம்பியருக்கு மேல் ஒவ்வொரு சோடி வழியாகவும் போகும். இப்போது 95 சோடி ஓரளவுக்கு நல்லாக இருந்து, ஒன்றுக்கு மட்டும் உள்தடை 2 மில்லி-ஓம் கூடியிருக்கிறது என்று வையுங்கள். 200 அம்பியரில் அந்த ஒன்று மற்றவற்றை விட 0.4 வோல்ற் கூடுதலாகக் கீழே விழும். 3.7இல் நிற்கும் செல்லுக்கு 0.4 என்பது பெரிய விழுக்காடு. கணினி சராசரியைப் பார்ப்பதில்லை, ஆகக் கீழே உள்ளதைப் பார்க்கும். அது எல்லையைத் தொட்டதும் முழுப் பற்றரிக்கும் பவரைக் குறைத்துவிடும். காலை எடுத்தால் செல் எழும்பும், கணினி திரும்பத் தரும். நீங்கள் சொல்கிற 'ஒன்று, இரண்டு எண்ணிய பிறகு இழுக்கிறது' என்பதற்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

இதைப் பார்க்க லீஃப்ஸ்பை என்ற போன் செயலியும், ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி காரின் கணினியைப் படிக்கிற ஓபிடி புளூடூத் அடப்டரும் வேண்டும். லீஃப் வைத்திருக்கிற எல்லோரும் இதை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து; ஒரு கராஜ் கூலியை விடக் குறைந்த காசு. 96 சோடியும் 96 கோடாகத் திரையில் வரும். கார் சும்மா நிற்கும்போது எல்லாம் ஒரு மட்டமாக, வெட்டிய புல் மாதிரி நிற்கும். அதைப் பார்த்து 'பற்றரி நல்லம்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது பிழை. சார்ஜ் மூன்றில் ஒன்றுக்கு வந்த பிறகு, பக்கத்தில் ஒருவரை உட்கார்த்தி போனைக் கொடுத்துவிட்டு, நேர் ரோட்டில் ஓங்கி மிதியுங்கள். அப்போது ஒரு கோடோ இரண்டோ மற்றவற்றை விட்டு 200, 300 மில்லிவோல்ற் கீழே விழுகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். விழுந்தால் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். இன்னொரு நாள் திரும்பச் செய்தும் அதே எண் விழுந்தால் ஆளைப் பிடித்தாயிற்று.

ஒரு நுணுக்கம். செல் சூடானால் அதன் உள்தடை குறையும், கூடாது. ஆகவே நொந்த செல் குளிர்ந்த காலையில்தான் மோசமாக நடிக்கும், சூட்டில் கொஞ்சம் திருந்தும். மார்கழி, தை மாதக் காலைகளில் பாதிச் சார்ஜிலேயே மந்தம் வந்தது என்று நினைவிருந்தால் செல் மீது சந்தேகம் கூடும். அந்த மாதங்களில் ஒன்றும் இல்லாமல், வெயில் காலப் பின்னேரத்தில் மட்டும் என்றால் சூடு முதல் குற்றவாளி.

முறிகண்டிச் சோதனையில் இன்வேர்ட்டர் என்று வந்தவர்களுக்கும் ஒரு கதை சொல்ல வேண்டும். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு லீஃப் வந்தது. இருபது கிலோமீற்றர் ஓடினால் மந்தம், நிறுத்தினால் சரி. கூலன்ட் நிறைய இருந்தது, ரேடியேற்றரும் கழுவித்தான் இருந்தது. கடைசியில் கூலன்ட் பம்புக்குப் போகிற வயர் இரண்டில் ஒன்று இல்லை. வெட்டுப்பட்ட நுனியில் சின்னச் சின்னப் பல் தடம். நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் கார் நிற்பாட்டுகிறார்கள். எலிக்கு மூட்டை சாப்பாடு, பொனெற்றுக்குள் படுக்கை. வயரைச் சேர்த்து, குழாயில் போட்டுக் கட்டிவிட்டேன். கூலி வாங்கவே வெட்கமாக இருந்தது, ஆனால் கண்டுபிடிக்க ஒரு பகல் போனதால் வாங்கினேன்.

பம்ப் நன்றாக இருந்தால் ரேடியேற்றரின் முகத்தைப் பாருங்கள். கிறவல் ரோட்டுப் புழுதியும், பூச்சியும், வைக்கோல் தும்பும் அதற்கு முன்னால் நிற்கிற ஏசியின் கண்டென்சரில் படிந்து மூடிவிடும். முன்னிருந்து தண்ணீரை மெல்ல அடித்துக் கழுவினால் போதும், பிரஷர் வோஷரைக் கிட்டப் பிடித்தால் தகடு மடிந்துவிடும். கூலன்ட் குறைந்திருந்தால் நிசானுக்கு உரியதையே ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு இன்வேர்ட்டரின் ஒடுங்கிய வழிகளிலும் படியும். மாற்றிய பிறகு காற்று அடைபட்டு நின்றாலும் இதே மந்தம் வரும், எனவே காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் காரைக் கொடுக்க வேண்டும்.

நின்ற இடத்திலிருந்தே மந்தம் என்று சொல்கிறவர்கள் முதலில் குனிந்து கால்மெத்தையைப் பார்க்கட்டும். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. மாரிக்குச் சேறு படாமல் இருக்க ஒரிஜினல் மெத்தைக்கு மேல் தடித்த ரப்பர் மெத்தை போடுவார்கள், அது முன்னுக்கு நகர்ந்து பெடலுக்குக் கீழே போய்ச் சுருண்டு நிற்கும். பெடல் முழுதும் கீழே போகாது. முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு ரீச்சரின் காருக்கு நான் காலை முழுக்க ஸ்கேனர் கொழுவிப் பார்த்தேன். பத்து வயது மகன் பின்சீற்றில் இருந்து எட்டிப் பார்த்து, "மாமா, மெத்தை மடிஞ்சிருக்கு" என்றான்.

அடுத்தது எக்கோ. அந்தப் பொத்தான் தெரியாமல் அழுத்துப்பட்டு மாதக்கணக்காக அப்படியே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். எக்கோவில் பெடலின் முதல் பாதி சோம்பலாக இருக்கும். அடிவரை மிதித்தால் முழுப் பவரும் வரும். அடிவரை மிதித்துப் பார்த்து இழுத்தால் காரில் பிழையில்லை. பிறகு பிரேக். லீஃப் உட்பட மின்சாரக் கார்களில் பிரேக் மிதிபட்டிருக்கிறது என்று தெரிந்தால் கணினி மோட்டரின் பவரைப் பிடித்து வைக்கும். பிரேக் சுவிட்ச் சரியாக விடுபடாவிட்டால் நீங்கள் மிதிக்காமலே மிதித்ததாகக் கணக்கு. இரவில் மதிலுக்கு முதுகு காட்டி நிறுத்தி, பின் சிவப்பு வெளிச்சம் அணைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கிங் பிரேக் முழுசாக விடுபடாததும், கலிப்பர் இறுகியதும் வேறு கதை. ஓடி வந்து நிறுத்தியதும் நாலு சில்லுக்குக் கிட்டவும் கையைக் கொண்டு போங்கள், ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிடிக்கிறது. ரயர் காற்று 36 பிஎஸ்ஐ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெடல் உண்மையில் பழுதானால் எப்படித் தெரியும்? பெடலுக்குள் சென்சர் ஒன்றில்லை, இரண்டு. ஒன்று காட்டுகிற வோல்ற்றில் ஏறத்தாழ பாதியை மற்றது காட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணினி எதையும் நம்பாது. பவரைக் குறைத்து, மஞ்சள் விளக்கைப் போட்டு, பி2138 மாதிரி ஒரு குறியீட்டைச் சேமித்து வைக்கும். பழுதான பெடல் ஊமையாக இருக்காது. உங்கள் கராஜ்காரரிடம் 'எந்தக் குறியீடு வந்தது, காட்டுங்கள்' என்று கேளுங்கள். காட்டினால் மாற்றலாம், அதுவும் முதலில் இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டிப் பார்த்த பிறகு. ஒரு குறியீடும் இல்லாமல் மாற்றச் சொன்னால் அவர் உங்கள் காசில் படிக்கிறார்.

வெட்டி வெட்டி இழுக்கிற காரில், பெடலுக்கு முன் 12 வோல்ற் சின்னப் பற்றரியைச் சந்தேகியுங்கள். இதைக் கனபேர் மறந்துவிடுகிறார்கள். கணினிகள் எல்லாம் ஓடுவது அதில்தான். கார் அணைந்து ஓரிரு மணித்தியாலம் கழித்து மல்டிமீற்றரில் 12.4க்கு மேலும், 'ரெடி' விளக்கு எரியும்போது 13க்கும் 14.5க்கும் இடையிலும் இருக்க வேண்டும். நாலைந்து வருடம் ஆகிவிட்டால் அளக்காமலே மாற்றினாலும் நட்டமில்லை. கடற்கரைப் பக்கத்துக் கார்களில் எர்த் வயர் பூட்டுகிற இடத்தில் பச்சை பூத்திருக்கும், அதையும் சுரண்டிவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். லீஃப்ஸ்பையில் ஒரு சோடி தனியாக விழுந்தால், அந்த மொடியூலை மட்டும் மாற்றலாம். கழற்றிய பற்றரிகளிலிருந்து எடுத்த மொடியூல்கள் நாட்டில் கிடைக்கின்றன. புத்தம்புதிதாகத் தேட வேண்டாம், மிச்ச 47 உடனும் கொள்ளளவில் ஒத்துப்போகிறதாக எடுக்க வேண்டும், பூட்ட முன் வோல்ற்றையும் சமப்படுத்த வேண்டும். இதை வீட்டு முற்றத்தில் செய்யாதீர்கள். 360 வோல்ற் நேர்மின்சாரம் பிடித்தால் விடாது. பற்றரியைத் துண்டிக்கிற செம்மஞ்சள் சேவிஸ் பிளக்கைக் கழற்றி, குறைந்தது பத்து நிமிடம் பொறுத்து, அளந்து பார்த்து, உரிய கையுறையோடு வேலை செய்கிற ஆளிடம் கொடுங்கள். கையுறை இல்லாமல் திறக்கிற கராஜ் என்றால் காரைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். அவருக்கு ஒன்று நடந்தாலும் உங்களுக்கும் பாவம்தான்.

ஒரு சோடியும் தனியாக விழவில்லை, எல்லாம் சேர்ந்து மெல்ல இறங்குகிறது என்றால் மாற்ற ஒன்றும் இல்லை, பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். வேலை இடத்தில் தார் முற்றத்தை விட்டு மரத்தடி தேடுங்கள். கொஞ்சம் தூரம் நடந்தாலும் பரவாயில்லை. வீட்டுச் சார்ஜை விடியப்புறம் முடிகிற மாதிரி நேரம் வையுங்கள், இரவே நூறு ஏறி நிற்க வேண்டாம். பின்னேரம் வவுனியாவிலிருந்து முதல் நாற்பது கிலோமீற்றரை 60க்குள் ஓடுங்கள். பற்றரிக்குள் எழும்பும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. மின்னோட்டம் பாதியானால் சூடு கால்வாசி. ஓமந்தையில் பாய்ந்து ஓடிச் சேமித்த ஐந்து நிமிடத்தைத்தான் மாங்குளத்தில் ஆமை திருப்பி வாங்குகிறது. மந்தமாக இருக்கிற நாளில் முந்த வேண்டாம் என்பதையும் சொல்லத் தேவையில்லை, பஸ் விஷயத்தில் பட்டுவிட்டீர்கள்.

2025இல் வாகன இறக்குமதி திறந்த பிறகு வந்த பிவைடி போன்ற புதுக் கார்களை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவற்றின் பற்றரியைக் குளிர்விக்க வசதி இருக்கிறது. அவற்றில் மந்தம் என்றால் முதலில் ஓட்டும் முறை எதில் நிற்கிறது என்று பாருங்கள், பிறகு ஏஜென்டிடம் போங்கள், உத்தரவாதம் இருக்கும்போது வெளியில் கை வைக்க விடாதீர்கள்.

தம்பி, நீங்கள் வருகிற கிழமை செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு காலை கிளிநொச்சியில், ஒரு பின்னேரம் மாங்குளத்தில், அதே பின்னேரம் முறிகண்டியில் நிறுத்தி எடுத்த பிறகு என்று மூன்று முறை டாஷ்போர்டைப் படம் எடுங்கள். வட்டங்கள், வெப்பப் பட்டை, சார்ஜ் மூன்றும் தெரிய வேண்டும். லீஃப்ஸ்பை கிடைத்தால் மிதிக்கும்போது விழுகிற செல்லின் எண்ணும் வேண்டும். அதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அடப்டரை வேலை முடிந்ததும் கழற்றி வைக்க மறக்காதீர்கள். சொருகியபடி நாலு நாள் விட்டால் 12 வோல்ற் பற்றரியை அது குடித்துவிடும், பிறகு கார் ரெடிக்கே வராது.